திருப்பிப் போட்ட நாற்காலிகள்

வகுப்பறை. உயிரியல் ஆசிரியை பாடம் தொடங்குகிறார். பரிணாமம் என்ற சொல் அவர் வாயிலிருந்து விழுகிறது. விழுந்ததுதான் தாமதம் — மாணவர் சிலர் எழுகின்றனர். தத்தம் நாற்காலியைத் திருப்பிப் போடுகின்றனர். ஆசிரியைக்கு முதுகு காட்டி அமர்கின்றனர். வினா எழுப்பினார்களா? இல்லை. மறுப்புரை மொழிந்தார்களா? அதுவும் இல்லை. முதுகைக் காட்டினார்கள், அவ்வளவே! அதே வகுப்பில், நாற்காலியைத் திருப்பாமல் அமர்ந்திருக்கிறாள் ஒரு பெண். முதுகு காட்டியோர் அவளுக்கு அயலார் அல்லர். சின்னாட்களுக்கு முன்புவரை அவளுடைய உயிர்த் தோழியரும் தோழருமாய் இருந்தோர்!

அமெரிக்க எழுத்தாளர் ராபின் பிராண்டே 2007-ல் வெளியிட்ட ‘எவல்யூஷன், மீ அண்ட் அதர் ஃப்ரீக்ஸ் ஆஃப் நேச்சர்’ என்னும் இளையோர் நாவலில் வரும் காட்சி இது. அந்தப் பெண்ணின் பெயர் மீனா ரீஸ். அவள் இழைத்த குற்றம் யாது? கடவுளை மறுத்தாளா? இல்லை. பைபிளைக் கிழித்தெறிந்தாளா? இல்லை, இல்லை! கடிதம் ஒன்று எழுதினாள். அவளுடைய திருச்சபையின் இளைஞர் கூட்டம் டென்னி என்னும் மாணவனை ஒருபால் விழைவுடையவன் என்று முத்திரை குத்தி, எள்ளி நகையாடி, ஓட ஓட விரட்டியது. அவன் தன் உயிரைத் தானே போக்கிக்கொள்ள முயன்றான். மனம் பொறுக்காத மீனா, நடந்ததற்கு வருந்துவதாக அவனுக்கு எழுதினாள். அந்தக் கடிதம் அவன் பெற்றோர் கையில் சான்றாயிற்று. திருச்சபை வழக்கிலே சிக்கிற்று. உடனே கதவு சாத்தப்பட்டது. தோழியர் விலகினர், பெற்றோரே முகங்கொடுத்துப் பேச மறுத்தனர்.

எண்ணிப் பாருங்கள் தோழர்களே! பிறரை நேசி என்று போதித்தவர்கள், அப்படியே நேசித்தவளைத் துரத்துகிறார்கள். தவறு செய்தால் மன்னிப்புக் கேள் என்று கற்பித்தவர்கள், மன்னிப்புக் கேட்டவளை மன்னிக்க மறுக்கிறார்கள். வேதத்தை மீறியதற்காகவா தண்டனை? வேதத்தின்படி நடந்ததற்காகத் தண்டனை!

இந்த ஒரு நாவலோடு நிற்பதன்று இப்பொருள். நம்பிக்கையும் நட்பு முறிவும் என்ற இரண்டு இழைகளை முறுக்கிப் பின்னிய கதைகள் ஆங்கில இளையோர் இலக்கியத்திலே தொடர்ந்து வந்துகொண்டிருக்கின்றன. அவற்றை ‘பள்ளிப் பிள்ளைகளின் சிணுங்கல்’ என்று ஒதுக்குவோர் உண்டு. ‘பிஞ்சு உள்ளத்திலே நஞ்சு’ என்று பறிப்போர் உண்டு. நம் அணியிலேயே, ‘இறுதியில் அந்தப் பெண் கடவுளைக் கைவிடவில்லையே, பிறகென்ன பகுத்தறிவு?’ என்று முகஞ்சுளிப்போரும் உண்டு. இம்மூவரோடும் எனக்கு வழக்குண்டு. அதைத் தொடுப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒப்பாரி இல்லாத சாவு

முதலில், சிணுங்கல் என்போருக்கு ஒரு சொல்.

காதல் முறிந்தால் அதற்குப் பாட்டுண்டு, படமுண்டு, தேற்றுவதற்கு ஆளுண்டு. கணவனும் மனைவியும் பிரிந்தால் வழக்குமன்றம் உண்டு, ஊர்ப் பெரியவர் உண்டு. நட்பு முறிந்தால் என்ன உண்டு? ‘போனால் போகட்டும், வேறொருத்தி கிடைப்பாள்’ என்ற வீட்டாரின் ஒற்றை வரி உண்டு! பள்ளியிலே பாடம் சொல்லும் எவரும் அறிவர், அந்த வரி எவ்வளவு பொய் என்பதை. ஒரே பலகையில் அமர்ந்து, ஒரே சோற்றைப் பகிர்ந்து உண்ட இருவரில் ஒருத்தி ஒருநாள் இடம் மாறி உட்காருகிறாள். அடுத்த மாதத் தேர்வில் மற்றவளின் விடைத்தாளே அந்தத் துயரை எழுதிக் காட்டிவிடுகிறது. ஒப்பாரி இல்லாத சாவு அது. ஊர் கூடாத இழவு அது.

பதினைந்து வயதிலே நட்பு என்பது பொழுதுபோக்கு அன்று. தாய் தந்தையர் வகுத்துத் தந்த உலகத்துக்கு வெளியே ஒருவன் தானாகத் தேடித் தெரிந்தெடுத்த முதல் உறவு அது. சாதியும் மதமும் பிறப்பாலே வந்து ஒட்டிக்கொள்கின்றன. நண்பன் ஒட்டிக்கொண்டவன் அல்லன், தேர்ந்துகொள்ளப்பட்டவன். வள்ளுவர் நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு என்று அடுத்தடுத்து ஐந்து அதிகாரங்களை இதற்காக ஒதுக்கினாரே, வேலையில்லாமலா ஒதுக்கினார்? முதல் தேர்வு முறிக்கப்படும்போது இளையவன் கற்கும் பாடம் இது: ‘நீ தேர்ந்தது செல்லாது; உனக்காக நாங்கள் தேர்ந்ததே செல்லும்.’ அந்தப் பாடத்தைப் பதினைந்து வயதில் கற்றவன் ஐம்பது வயதிலும் மறப்பதில்லை. ஆகவே இது சிணுங்கல் அன்று, அரசியல்!

முறித்தது எது?

‘நம்பிக்கை வேறுபட்டது, ஆகவே நட்பு முறிந்தது’ என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். இந்த நாவல்களைக் கூர்ந்து படிப்போருக்கு அக்கூற்றில் பாதி பொய் என்பது புலப்படும்.

ஹைம் போட்டக் எழுதிய ‘தி சோஸன்’ என்னும் நாவலைப் பாருங்கள். 1967-ல் வெளிவந்தது. அதன் ஆசிரியரே யூத குரு. இளையோர் இலக்கியம் என்று தனிப் பலகை தொங்கவிட்டு எழுதப்பட்ட நூலன்று எனினும், அமெரிக்கப் பள்ளிகளிலே பல தலைமுறை மாணவர் கற்ற கதை. 1944-ஆம் ஆண்டு, நியூயார்க்கின் புரூக்ளின் பகுதி. பந்தாட்டத்தில் எதிரிகளாய் மோதிய ரூவன், டேனி என்னும் இரு யூதச் சிறுவர் நண்பராகின்றனர். இருவருக்கும் ஒரே கடவுள், ஒரே வேதம், இருவரும் வழுவாது வழிபடுவோர். ஆயினும் நட்பு தடுக்கப்படுகிறது. ஏன்? யூதருக்குத் தனி நாடு வேண்டும் என்று ரூவனின் தந்தை மேடையேறி முழங்குகிறார். மெசியா வருமுன் மனிதர் நாடமைப்பது பாவம் என்பது டேனியின் தந்தை கொண்ட கொள்கை. அவர் ஒரு கூட்டத்துக்கே குரு. ஆணையிடுகிறார் — அந்த வீட்டுப் பிள்ளையோடு பேசாதே! அவ்வளவுதான். ஒரே கல்லூரி, ஒரே படிக்கட்டு, ஒரே உணவுக்கூடம். நாள்தோறும் எதிரெதிரே வந்தும் வாய் திறவாமல் நடக்கின்றனர் இரு நண்பர். நாள்கணக்கிலன்று, ஆண்டுக் கணக்கில்! பின்னர் இஸ்ரேல் அமைந்துவிடுகிறது. பூசலுக்குப் பொருளில்லாமற் போகிறது. ஆணை தளர்கிறது. நட்பு மீள்கிறது.

நம்பிக்கை வேறுபட்டதாலா அந்த நட்பு தடைப்பட்டது? இல்லையே! இருவரும் நம்புவோர். அப்படியானால் நம்பிக்கை ஒன்றுபட்டதாலா மீண்டது? அதுவும் இல்லை. ஆணை வந்தபோது முறிந்தது. ஆணை போனபோது மீண்டது. குற்றவாளியின் பெயர் இங்கே தெளிவாகிறது. அதன் பெயர் கட்டளை!

மீனாவின் கதையிலும் அதுவே. அவளும் கடவுளை நம்புகிறாள். அவளைத் துரத்தியவர்களும் நம்புகிறார்கள். வேறுபாடு எங்கே? அவள் தன் மனச்சான்றைக் கேட்டாள். அவர்கள் போதகரைக் கேட்டார்கள்.

எமிலி டான்ஃபோர்த் 2012-ல் எழுதிய ‘தி மிஸ்எஜுகேஷன் ஆஃப் கேமரன் போஸ்ட்’ இன்னும் ஆழமாகக் குத்துகிறது. மொன்டானா மாநிலத்து மைல்ஸ் சிட்டி என்னும் சிற்றூர். கேமரன் என்னும் சிறுமி தன் தோழியை முத்தமிட்ட மறுநாள், அவளுடைய பெற்றோர் குவேக் ஏரியருகே நேர்ந்த சாலை விபத்தில் மாண்ட செய்தி வருகிறது. அந்தப் பிஞ்சு நெஞ்சிலே வேரூன்றும் எண்ணம் என்ன தெரியுமா? தன் பாவத்துக்குத் தண்டனையாகத்தான் பெற்றோரைப் பறித்தார் கடவுள் என்பது! இறந்தவர் இருவர், குற்றவாளிக் கூண்டிலே ஏற்றப்பட்டது பன்னிரண்டு வயதுக் குழந்தை. ஏற்றியவர் எவருமில்லை, அவள் கேட்டு வளர்ந்த போதனையே ஏற்றியது.

ஆண்டுகள் ஓடுகின்றன. கோலி டெய்லர் என்னும் பெண் அவளுக்குத் தோழியாகிறாள். இருவரும் ஒரே திருச்சபை, ஒன்றாக வழிபடுகின்றனர், ஒன்றாகத் திரிகின்றனர். நட்பு காதலாகக் கனிகிறது. செய்தி வெளிப்படுகிறது. கோலி என்ன செய்கிறாள்? தன்னைக் காத்துக்கொள்ளப் பழியனைத்தையும் கேமரன் தலையிலே சுமத்தித் திருச்சபையிடம் ஒப்புவிக்கிறாள். கேமரனை வளர்க்கும் உறவுப்பெண் அவளைத் ‘திருத்தும்’ விடுதிக்கு அனுப்புகிறாள். அங்கே ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு பனிப்பாறைப் படம் தரப்படுகிறது. நீருக்கு மேலே தெரியும் முனைதான் பாவமாம். நீருக்கு அடியிலே மறைந்திருக்கும் காரணங்களை அவரவரே எழுதி நிரப்ப வேண்டுமாம். நோயில்லாத உடலிலே நோயைத் தேடச் சொல்லி, தேடிக் கிடைக்காவிட்டால் கற்பித்துக்கொள்ளச் சொல்லும் கொடுமைக்கு வேறென்ன பெயர்?

கோலி கொடியவளா? அன்று. அஞ்சியவள். அந்த அச்சத்தின் வேரைத் தோண்டுங்கள். அந்தச் சிற்றூரிலே திருச்சபை என்பது ஞாயிற்றுக்கிழமை வழிபாடு மட்டுமன்று. விளையாட்டுத் தோழர் அங்கே, விருந்து அங்கே, கோடை முகாம் அங்கே, நாளைய மணமகன் அங்கே, தந்தையின் வாடிக்கையாளர் அங்கே. வெளியேற்றப்பட்டவள் இழப்பது ஒரு கோட்பாட்டையா? வாழ்வின் எல்லாக் கதவுகளையும்! எல்லாவற்றையும் ஒரே கூரையின்கீழ்க் குவித்துவைத்துவிட்டால், அந்தக் கூரைக்கு உடையவன் தடியெடுக்க வேண்டியதில்லை. வாசலைக் காட்டினாலே போதும். ஊர்விலக்கம் என்னும் படைக்கலத்தின் இயக்கம் இதுதான். அது விலக்கப்பட்டவளை மட்டும் அடிப்பதில்லை. விலக்கப்படாதோர் அனைவரையும் அடித்து அடக்குகிறது.

இந்த முறிவு தலைமுறை தாண்டியும் தொடரும் என்பதை 1970-லேயே காட்டினார் ஜூடி புளூம். அவருடைய ‘ஆர் யூ தேர் காட்? இட்ஸ் மீ, மார்கரெட்’ கதையில் தந்தை யூதர், தாய் கிறித்தவர். யூதரை மணந்த குற்றத்துக்காக மகளைக் கைவிட்டனர் தாயின் பெற்றோர். பல ஆண்டு கழித்து வந்தவர்கள், பேத்தியை அணைத்து மகிழவா வந்தார்கள்? அவள் எந்த மதம் என்று கேட்டு வழக்காட வந்தார்கள்! அந்தச் சிறுமி கடவுளோடு பேசுவதையே நிறுத்திவிடுகிறாள். பெரியவர்கள் கடவுளின் பெயரால் போட்ட சண்டை, கடவுளையே அவளிடமிருந்து பறித்தது. நாத்திகர் எவரும் செய்யாத வேலையை ஆத்திகப் பெரியோர் செய்து முடித்தனர்!

‘மிகைப்படுத்துகிறார்கள்!’

‘இவை யாவும் கற்பனை, எழுத்தாளரின் காழ்ப்பு, எந்த ஊரில் நடக்கிறது இப்படி?’ என்பது அடுத்த எதிர்வாதம். ஊர் கேட்கிறார்கள், சொல்வோம்.

டேட்டன், டென்னசி மாநிலம். 1925-ஆம் ஆண்டு. பரிணாமம் கற்பித்ததற்காக ஜான் ஸ்கோப்ஸ் என்னும் இளம் ஆசிரியர் குற்றவாளிக் கூண்டில் நின்றார்; 100 டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. அச்சட்டம் 1967 வரை நீக்கப்படவில்லை.

டோவர், பென்சில்வேனியா மாநிலம். 2004 அக்டோபரில் பள்ளி ஆட்சிக் குழு தீர்மானம் போட்டது: உயிரியல் வகுப்பிலே டார்வின் கொள்கையில் இடைவெளிகள் உள்ளன என்று மாணவருக்கு அறிவிக்க வேண்டும், ‘அறிவார்ந்த வடிவமைப்பு’ என்ற மாற்று விளக்கமும் உண்டு என்று சொல்ல வேண்டும். அந்த அறிக்கையைப் படிக்க மாட்டோம் என்று மறுத்தனர் அறிவியல் ஆசிரியர்கள். என் தொழிலைச் சேர்ந்த அந்தத் தோழர்களுக்கு இங்கிருந்தே தலைவணங்குகிறேன்! மேலதிகாரிகளே வகுப்புக்கு வந்து படித்தனர். பெற்றோர் பதினொருவர் வழக்குத் தொடுத்தனர். 2005 டிசம்பர் 20-ல் 139 பக்கத் தீர்ப்பு வழங்கினார் நீதிபதி ஜான் ஜோன்ஸ்: அது அறிவியலன்று; அறிவியல் ஆடை உடுத்திய மதக் கொள்கை; பள்ளியிலே அதற்கு இடமில்லை. தீர்ப்பளித்தவர் நாத்திகரா? குடியரசுக் கட்சித் தலைவர் ஜார்ஜ் புஷ் அமர்த்திய நீதிபதி! அவருக்கும் மிரட்டல் கடிதங்கள் வந்தன. அத்தீர்ப்பு வந்து ஈராண்டு நிரம்புமுன் வெளியானதுதான் மீனாவின் கதை. நாற்காலி திருப்பிய மாணவர் வானத்திலிருந்து குதித்தவர் அல்லர்.

கேமரனை அடைத்த விடுதி கற்பனையா? அமெரிக்க உளவியல் சங்கம் 2009-ல் ஆய்வுக் குழு அறிக்கை வெளியிட்டது: பால் விழைவை மாற்றும் முயற்சிகள் பயன் தரும் என்பதற்குப் போதிய சான்றில்லை, தீங்கு விளையவும் கூடும். சிறார்மீது அத்தகைய முயற்சியைத் தடுத்து 2012-ல் கலிஃபோர்னியா சட்டம் இயற்றிற்று. மாற்றிக் காட்டுவோம் என்று பல்லாண்டு முழங்கிய ‘எக்ஸோடஸ் இன்டர்நேஷனல்’ அமைப்பு 2013-ல் கடையைக் கட்டிற்று; அதன் தலைவரே மன்னிப்புக் கேட்டார். கற்பனைக்கு யாரேனும் மன்னிப்புக் கேட்பார்களா?

நம் கதை வேறா? சென்னை உயர்நீதிமன்றம் 2021 ஜூனில் இத்தகைய ‘மாற்று மருத்துவ’ முயற்சிகளுக்குத் தடை விதித்தது. தடை வந்தது என்றால் நோய் இருந்தது என்றுதானே பொருள்? 2023-ல் என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்பு அறிவியல் நூலிலிருந்து பரிணாமப் பகுதியை வெட்டி எறிந்தபோது 1,800-க்கும் மேற்பட்ட அறிவியலாளரும் ஆசிரியரும் கையெழுத்திட்டுக் கண்டித்தனர். பன்னிரண்டாம் வகுப்பிலே இருக்கிறதே என்றனர் ஆட்சியாளர். பத்தாம் வகுப்பை எல்லோரும் படிக்கிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலை அதைத் தேர்ந்தவர் மட்டுமே படிக்கிறார்கள். பெரும்பாலோர் செவியில் அந்தச் சொல்லே விழாமல் பார்த்துக்கொண்டால், நாற்காலியைத் திருப்ப வேண்டிய தேவையே இல்லையே! அங்கே மாணவர் முதுகு காட்டினர். இங்கே பாடநூலே முதுகு காட்டிற்று.

இனி, பறிப்போரின் செயலைப் பாருங்கள். டெலவேர் மாநிலத்தின் கேப் ஹென்லோப்பன் பள்ளி மாவட்டம், 2014-ல், கேமரன் போஸ்ட் நாவலைக் கோடைக்காலப் படிப்புப் பட்டியலிலிருந்து நீக்கிற்று. கொச்சைச் சொற்கள் இருக்கின்றனவாம்! அதே பட்டியலிலுள்ள வேறு நூல்களிலும் அச்சொற்கள் உண்டே என்று கேட்டனர் பலர். விடை என்ன? பட்டியலையே கைவிட்டனர்! மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை. மார்கரெட்டின் கதையோ, 1990-களிலே அமெரிக்க நூலகங்களில் மிகுதியாக எதிர்க்கப்பட்ட நூல்களின் வரிசையில் நின்றது. நட்பை முறித்தவர்களே, நட்பு முறிந்த கதையையும் படிக்கக்கூடாது என்கிறார்கள். இயல்புதானே? அடித்தவனுக்கு அழுகைச் சத்தம் பிடிப்பதில்லை.

நம் அணியாருக்கு

மூன்றாம் வழக்கு நம்மவரோடு. இதுதான் கடினமானது, ஆகவே இதைக் கடைசிக்கு வைத்தேன்.

மீனா இறுதியில் கடவுளைக் கைவிடவில்லை. பைபிளையும் பரிணாமத்தையும் இரு கைகளிலும் ஏந்தி நிற்கிறாள். மார்கரெட்டும் கதை முடிவிலே மீண்டும் கடவுளோடு பேசத் தொடங்குகிறாள். ‘இது பாதி வழிப் பயணம், கோழைத்தனமான முடிவு, இதை நம் இளைஞர் ஏன் படிக்க வேண்டும்?’ என்கின்றனர் தோழர் சிலர்.

கேட்கிறேன்: மீனா நாத்திகப் பெண்ணாக இருந்திருந்தால் அந்தக் கதை என்ன மெய்ப்பித்திருக்கும்? ‘நம்பாதவளை நம்புவோர் துரத்தினர், அதிலென்ன வியப்பு?’ என்று வாசகன் நூலை மூடியிருப்பான். நம்புகிறவளையே துரத்தினார்கள் என்பதால்தான், துரத்தியது நம்பிக்கையன்று, ஆதிக்கம் என்பது அம்பலமாகிறது. அந்தப் பெண் தன் அறிவால் சிந்தித்துத் தன் முடிவுக்கு வந்தாள். அந்த முடிவு என் முடிவு அன்று. ஆனால் சிந்தித்து வந்த முடிவை, என் முடிவோடு ஒத்துவரவில்லை என்பதற்காகத் தூக்கியெறிந்தால், எனக்கும் அந்தப் போதகருக்கும் என்ன வேறுபாடு? அவர் பைபிளைக் காட்டி ஆணையிட்டார். நான் டார்வினைக் காட்டி ஆணையிடுகிறேன். ஆணை ஆணைதானே!

இதையே பொருளாக்கி எழுதினார் கேட்டி ஹென்றி. 2018-ல் வந்த அவருடைய ‘ஹெரெடிக்ஸ் அனானிமஸ்’ நாவலில், மைக்கேல் என்னும் நாத்திக மாணவன் கத்தோலிக்கப் பள்ளியொன்றில் சேர்க்கப்படுகிறான். அங்கே அவனுக்கு வாய்க்கும் முதல் தோழி லூசி. அவள் நாத்திகப் பெண் அல்லள். குருவாக விரும்பும் கத்தோலிக்கப் பெண்! பெண்ணுக்குக் குருப்பட்டம் இல்லை என்னும் தன் மதத்தின் விதியோடு உள்ளிருந்தே மோதுகிறவள். யூதன் ஒருவன், பழந்தெய்வங்களை வணங்கும் பெண்ணொருத்தி என, அங்கே பொருந்தாதோர் ஒருசிலர் கூடி இரகசியக் குழு அமைத்துப் பள்ளியின் பொய்மைகளை வெளிச்சமிடுகின்றனர். நன்று! ஆனால் மைக்கேல் தன் உள்ளத்து எரிச்சலைக் கொள்கை என்று எண்ணிக்கொண்டு எல்லை கடக்கிறான். குழுவினர் அனைவரையும் இடரில் தள்ளுகிறான். நட்பு சிதறுகிறது. இங்கே முறித்தவன் போதகன் அல்லன், நம்மவன்!

இக்கதையைப் படித்துச் சினப்பதா, சிந்திப்பதா? சிந்திப்போம். கோயிலுக்குப் போகும் தோழனைக் கூட்டத்தின் நடுவே கேலி செய்வது எளிது, கைதட்டலும் கிடைக்கும். நெற்றியிலே குறியிட்டு வந்தவனை ‘மூடன்’ என்று அழைத்தால், அந்தக் குறி அழியுமா? நட்பு அழியும். அவன் மீண்டும் எங்கே போவான்? வாசலிலே காத்திருக்கும் மத வணிகனிடம் போவான். அவனோ இரு கைகளையும் விரித்து, ‘பார்த்தாயா, அவர்கள் உன்னை இழிவுபடுத்துவார்கள் என்று சொன்னேனே!’ என்று அணைத்துக்கொள்வான். நம் நாவால் நாமே அவனுக்கு ஆள் சேர்த்துக் கொடுத்தவராவோம்.

இதனால், மதத்தின் கொடுமையைக் கண்டு வாய்மூடச் சொல்கிறேனா? ஒருபோதும் இல்லை! நிறுவனத்தைத் தாக்கும்போது நயங்காட்ட வேண்டியதில்லை. பிள்ளைகளை அடைத்துவைக்கும் விடுதியை, பாடநூலை வெட்டும் கத்தியை, பேசாதே என்று ஆணையிடும் குருவை, பெயர் சொல்லி, ஆண்டு சொல்லி, சான்று காட்டித் தாக்குங்கள். ஆனால் அந்த ஆணைக்கு அஞ்சி நடுங்கும் தோழனை அதே தடியால் அடிக்காதீர்கள். சிறைக் கதவை உடைக்க வந்தவன் கைதியின் மண்டையை உடைத்தால், அவனை விடுதலை வீரன் என்று யார் அழைப்பார்?

‘அஞ்சியவனுக்குப் பொறுப்பே இல்லையா? கோலி காட்டிக்கொடுத்தாளே!’ என்று கேட்கலாம். பொறுப்பு உண்டு. நாற்காலியைத் திருப்பியது அவரவர் கைதான். போதகரா வந்து திருப்பினார்? ஆணையிட்டவன் குற்றம் பெரிது. அதற்காகக் கீழ்ப்படிந்தவன் குற்றம் இன்மையாகிவிடாது. ஆனால் அந்தக் குற்றத்துக்குத் தீர்ப்பு என்ன? நாமும் முதுகைக் காட்டுவதா? நேருக்கு நேர் நின்று, ‘நீ செய்தது தவறு, ஏன் செய்தாய்?’ என்று கேட்பதா? கேட்பதுதான் பகுத்தறிவு. கேளாமல் திரும்புவது, நாம் எதை எதிர்க்கிறோமோ அதே நோய்.

எழுதுங்கள்!

இளைஞர்களே! பார்க்காமலே நட்புப் பூண்ட பிசிராந்தையாரையும் கோப்பெருஞ்சோழனையும் போற்றும் மொழி நம் மொழி. அரசனுக்கும் புலவனுக்கும் இடையே நாடும் தொலைவும் குறுக்கே நிற்கவில்லை என்று பெருமை பேசுகிறோம். பேசுவோம், தவறில்லை. அதே மூச்சில், பேருந்திலே அருகருகே அமர்ந்து வந்த இரு மாணவியர், ஒரு திருவிழாக் காலத்துக்குப் பின் ஏன் தனித்தனி இருக்கை தேடுகின்றனர் என்பதை யார் எழுதுவது? வீட்டுக்கு வந்த தோழனின் மதத்தைக் கேட்டு, அவன் போனபின் ‘அந்தப் பையனோடு பழகாதே’ என்று தாழ்ந்த குரலில் சொல்லும் வீடுகளை யார் எழுதுவது? அமெரிக்கப் பிள்ளைகளுக்கு மீனாவும் கேமரனும் லூசியும் கிடைத்தார்கள். நம் பிள்ளைகளுக்கும் அத்தகைய துணை வேண்டும். தன் துயரைத் தான் மட்டும் படவில்லை என்று அறிவதே ஒரு விடுதலை. அதை நூலன்றி வேறெது தரும்? அறிவுரை நூல் அன்று, கதை வேண்டும். அறிவுரை ஆணையிடும், கதை அருகில் அமர்ந்து கேட்கும்.

கடவுள் உண்டா, இல்லையா என்ற வழக்கு நெடுநாள் நடந்தது. இன்னும் நெடுநாள் நடக்கட்டும். அவ்வழக்கில் நம் பக்கத்துச் சான்றுகளை நாம் அடுக்குவோம். அவர்கள் பக்கத்துச் சான்றுகளை அவர்கள் அடுக்கட்டும். வழக்காடி முடித்து, இருவரும் ஒரே கடையில் தேநீர் அருந்தி வீடு திரும்ப முடியுமானால், அந்தச் சமுதாயத்துக்கு அழிவில்லை. ஆனால், ‘என் பக்கம் நிற்பதற்கு அடையாளமாக உன் நண்பனை விட்டுவிடு’ என்று எவன் கேட்டாலும் — அவன் காவி உடுத்தியிருக்கட்டும், வெள்ளங்கி அணிந்திருக்கட்டும், பச்சைத் தலைப்பாகை கட்டியிருக்கட்டும், நம்மைப் போலவே கறுப்புச் சட்டை போட்டிருக்கட்டும் — அவனுக்கு விடை ஒன்றே: முடியாது!

அந்த ஒரு சொல்லைச் சொல்லப் பதினைந்து வயதிலே பழகியவனை, ஐம்பது வயதிலே எந்தக் குருவும் மண்டியிடச் செய்ய முடியாது.